பால் டின் கணக்கு

மத்தியானத்திலேயே மலாயாவின் மலையூரான பிரிஞ்சாங் கடைத்தெருவில் பனி இறங்கிவிட, சிக்கந்தரின் தேநீர்க் கடைக்குள் விளக்கு எரிகிறது. வருமான வரி அதிகாரி நாகலிங்கம் கொல்லையில் குவிந்து கிடக்கும் காலிப் பால் டின்களைக் குடைக்காம்பால் கிளறிப் பார்த்துவிட்டு, சேற்றுச் சப்பாத்தோடு உள்ளே வந்து உட்காருகிறார். “இவ்வளவு பாலுக்கு எவ்வளவு தேத்தண்ணி வித்திருப்பீர்? நீர் காட்டின வருமானம் அதிலை பாதிகூட வராது. மிச்சக் காசு எங்கை?” குரலில் கோபமில்லை, ஈப்போவிலிருந்து மலையேறி வந்த அலுப்புதான் இருக்கிறது. சிக்கந்தர் துடைத்த மேசையையே திரும்பத் திரும்பத் துடைக்கிறார். மிச்சக் காசு காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகளிடம் போய்விட்டது. மாதாமாதம் துப்பாக்கியோடு இறங்கி வருகிறவனுக்குக் கொடுக்காவிட்டால் கடை எரியும். கொடுத்ததை வாய்விட்டுச் சொன்னாலோ, வாசல் பெஞ்சில் ரொட்டியைத் தேநீரில் நனைத்துத் தின்றுகொண்டிருக்கும் போலீஸ்காரனே பிடித்துக்கொண்டு போய்விடுவான். கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரன் போட்ட இந்த எமர்ஜென்சியில் அப்படிப் போனவர்கள் திரும்பவில்லை.

“மறைச்சது நாந்தான் ஐயா. பொண்டாட்டிக்கு நகை வாங்கிட்டேன், அவ்வளவுதான் லா. அபராதம் எவ்வளவோ போட்டு எழுதுங்க.”

அவர் மனைவி சாலிஹா தேநீர் கொண்டுவந்து மேசையில் வைக்கிறாள். கையில் ஒற்றை வளையல் இல்லை. காதில் பொட்டுத் தங்கம் இல்லை. நாகலிங்கம் அந்த வெறுங்கைகளைப் பார்க்கிறார். வாசலில் உட்கார்ந்திருக்கும் போலீஸ்காரனின் முதுகைப் பார்க்கிறார். கண்களை அழுத்தித் தேய்த்துக்கொள்கிறார். பிறகு பேனாவை உதறி, ‘நகை’ என்று எழுதுகிறார்.