பின்சுவரில் ஏசி

அருட்செல்வன் வீட்டுப் பின்சுவரில் ஏசி மெசின் ஓடிக்கொண்டிருந்தது.

வாகீசன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தரம் பார்த்தார். ஏசியேதான்.

வாகீசன், பசுமை வீட்டு நண்பர்கள் சங்கத்தின் செயலாளர். அருட்செல்வன் எஞ்சினியர். "எங்கடை வெயிலுக்கு ஏசி தேவையில்லை, ஒழுங்காக் கட்டின வீடே போதும்" என்று போகிற இடமெல்லாம் சொல்லுகிறவர். கொக்குவிலில் தனக்கும் அப்படியே கட்டியிருந்தார். மேற்குப் பக்கம் அகல விறாந்தை, ஓட்டுக் கூரை, சூட்டுக் காற்று வெளியேறச் சுவர் உச்சியில் துவாரங்கள், மேலே சோலர்த் தகடுகள்.

ஞாயிற்றுக்கிழமை சங்கம் அவருக்குப் பொன்னாடை போர்த்துவதாக இருந்தது. அழைப்பிதழுக்கு வீட்டைப் படம் எடுக்க வந்த இடத்தில்தான் வாகீசனுக்கு இந்தக் காட்சி.

அருட்செல்வனின் மனைவி பிரதீபா தேத்தண்ணியோடு வந்தார்.

"தங்கச்சி, உது என்ன?"

பிரதீபாவின் முகம் மாறியது. "அது... அவரையே கேளுங்கோ அண்ணை."

அருட்செல்வன் வந்தார்.

"உந்த ஏசி ஆர் பூட்டினது?"

"நான்தான்."

"ஆருக்கு?"

அருட்செல்வன் பின்மதில் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "சோலர்க் கரண்ட் மிஞ்சுது அண்ணை. அவ்வளவுதான். இதை இஞ்சை நிண்டு கதைக்கவேண்டாம்."

"ஏன், வெக்கமாக் கிடக்கோ? சனத்துக்குச் சொல்லுறது ஒண்டு, வீட்டிலை செய்யிறது ஒண்டு. நாங்கள் எப்பிடிப் பொன்னாடை போர்க்கிறது?"

"போர்க்காட்டிப் பரவாயில்லை."

வாகீசன் தேத்தண்ணியை முழுதாகக் குடித்து முடித்துவிட்டுக் கோபத்தோடு எழும்பினார்.

கேற்றடியில் நின்ற காரில் ஏறி, ஸ்ரார்ட் பண்ணி, கண்ணாடிகளை உயர்த்தி, ஏசியைக் கூட்டிவிட்டார். உடம்பு ஆறியதும் அங்கேயே இருந்து முகநூலில் எழுதினார்:

"பசுமையின் பேரால் ஒரு பித்தலாட்டம்!"

எடுத்திருந்த ஏசிப் படத்தையும் போட்டார்.

பொழுதுபட முன்னமே ஊரெல்லாம் பரவிவிட்டது. அருட்செல்வன் என்ற பேரை அதுவரை கேள்விப்படாதவர்களும் "எனக்கு அப்பவே தெரியும்" என்று எழுதினார்கள். ஊர்ப்பக்கமே வராத ஒருவர், யாழ்ப்பாணத்துக்கு ஏசி எவ்வளவு கேடு என்று ரொறன்ரோவிலிருந்து நீளமாக விளக்கினார். மருதனார்மடத்தில் அத்திவாரம் வெட்ட நாள் பார்த்திருந்தவர், "நான் வேறை எஞ்சினியரைப் பாக்கிறன்" என்று அருட்செல்வனுக்கே போன் கோல் எடுத்துச் சொன்னார்.

சங்கம் அவசரமாகக் கூடியது. விழாவை நிறுத்தவேண்டும் என்று பொருளாளர் யதுசன் முன்மொழிந்தார். எல்லாரும் கைதட்டினார்கள்.

அருட்செல்வன் மட்டும் ஒன்றும் எழுதவில்லை.

அடுத்த நாள் மத்தியானம் வாகீசனுக்கு ஒரு கோல்.

"அருட்செல்வன் அண்ணையின்ரை பின்வீட்டுச் சயந்தன் கதைக்கிறன். ஏசி விசயமா ஒண்டு காட்டவேணும். பின் ஒழுங்கையாலை வாங்கோ. அவருக்குத் தெரியவேண்டாம்."

அடுத்த பதிவுக்கும் விசயம் கிடைத்துவிட்டது என்று வாகீசன் உற்சாகமாகப் போனார்.

கூரைக்குச் சீற் போட்ட சின்ன வீடு. அறைக்குள் கால் வைத்ததும் குளிர் முகத்தில் அடித்தது. கட்டிலில் சயந்தன் படுத்திருந்தார். நாற்பது வயது இருக்கும். பக்கத்தில் சக்கர நாற்காலி. தலைக்கு மேலே சுவரில் ஏசி. அதன் குழாய் மதிலைத் தாண்டி அருட்செல்வன் வீட்டுப் பின்சுவரில் இருந்த மெசினுக்குப் போனது.

"கடைசிச் சண்டையிலை செல் குண்டு பட்டு முள்ளந்தண்டு போச்சுது அண்ணை. நெஞ்சுக்குக் கீழை உணர்ச்சி இல்லை. வேர்க்கவும் வேர்க்காது. வெயில் காலத்திலை உடம்பு கொதிச்சுக்கொண்டே போகும். போன வருசம் ஆஸ்பத்திரியிலை மறிச்சு வைச்சிருந்தவை. தப்பினது பெரிய காரியம்."

வாகீசன் குழாய் போன பக்கம் பார்த்தார்.

"சும்மா தந்தா நான் வாங்கமாட்டன் எண்டு அவருக்குத் தெரியும். 'சோலரிலை இந்த மெசின் எப்பிடி ஓடுதெண்டு சோதிச்சுப் பாக்கவேணும், உன்ரை அறையிலை வைக்க விடுவியோ' எண்டு கேட்டவர். நானும் நம்பினமாதிரி ஓமெண்டனான். இப்பவும் நம்பினமாதிரித்தான் இருக்கிறன்."

"தம்பி... நான் உண்மையை எழுதிவிடுறன்."

"ஐயோ, வேண்டாம் அண்ணை! ஊர் முழுக்க என்ரை கட்டிலைப் பாக்க வரும். பிறகு நான் உந்த ஏசியைக் கழட்டச் சொல்லித்தான் நிப்பன். நீங்கள் எழுதினதை மட்டும் அழியுங்கோ. என்னைப்பற்றி ஒரு சொல்லும் வேண்டாம்."

வாகீசன் காருக்குள் வந்து இருந்தார். பதிவை அழித்தார். "அருட்செல்வனைப் பற்றி நான் எழுதியது பிழை. அவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன்" என்று எழுதினார்.

காரணத்தையும் எழுத விரல் தன்பாட்டில் ஓடியது. பாதியில் நிறுத்தி அதை மட்டும் அழித்துவிட்டு, மிச்சத்தைப் போட்டார்.

உடனே கொமென்ற் விழுந்தது. யதுசன்தான்:

"அருட்செல்வனிட்டை எவ்வளவு வாங்கினனீங்கள், செயலாளர் அண்ணை?"