எரிமலைக்குப் போன முட்டைகள்

ஃபிரிட்ஜில் இருந்த பன்னிரண்டு முட்டைகளில் இரண்டை மட்டும் வீட்டுக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை எரிமலை பார்க்க எடுத்துப்போனார்கள். பழுப்பு முட்டைக்குத் தலைகால் புரியவில்லை.

"நமக்கு ஜன்னலோர சீட்டுடி," என்றது வெள்ளை முட்டையிடம்.

எரிமலை அடிவாரத்தில் வெந்நீர் ஊற்று ஒன்று தளதளவென்று கொதித்தது. இரண்டையும் துணிப்பையோடு அதில் இறக்கினார்கள்.

"குளிக்க வெந்நீர்கூட தயாரா வச்சிருக்காங்க."

"சூடு ஜாஸ்தியா இல்ல?" என்றது வெள்ளை.

"ஓசியில வந்துட்டுக் குறை சொல்லாதே. எனக்கு உள்ளுக்குள்ள எவ்வளவு திடமா இருக்கு தெரியுமா?"

அடுத்தது உப்பு ஏரி. கரையில் உட்கார்ந்து இரண்டின் ஓட்டையும் உரித்தார்கள்.

"ஏரியில இறங்கணும்னா சட்டையைக் கழட்டித்தானே ஆகணும்," என்றது பழுப்பு.

வீட்டுக்காரர் கரையில் படிந்திருந்த உப்பைச் சுரண்டி இரண்டின் மேலும் தூவினார்.

"அட்சதை போடறாங்கடி," என்று பழுப்பு பூரித்துப்போனது.

மறுநாள் காலை, ஃபிரிட்ஜில் மிச்சமிருந்த பத்து முட்டைகளும் பொருமிக்கொண்டிருந்தன.

"இன்னும் திரும்பலை பாரு. ஊர் பிடிச்சுப்போய் அங்கேயே தங்கிட்டாங்க."

அப்போது ஃபிரிட்ஜ் கதவு திறந்து ஒரு கை உள்ளே வந்தது. பத்து முட்டைகளும் முன்வரிசைக்கு முண்டியடித்தன.