நாற்பது தலைகளும் ஒரு காசும்

"ஊத்திடுங்க! அத்தனையும் சாக்கடையில ஊத்திடுங்க!"

மூன்று வருடம் பாடுபட்டுக் கண்டுபிடித்த முடி வளர்க்கும் எண்ணெயை, அண்டாவோடு கணவனிடம் நீட்டினாள் அவள்.

நாற்பது பேரிடம் சோதனை. பாதிப் பேருக்கு அவளுடைய எண்ணெய், மீதிப் பேருக்கு வெறும் எண்ணெய். யாருக்கு எது என்று காசு சுண்டிப் பார்த்து பாட்டிலைக் கொடுப்பது அவள் தம்பியின் வேலை. ஆறு மாதம் கழித்து, இன்று எல்லோருடைய போட்டோவோடும் வந்திருந்தான். நாற்பதில் ஒருவனான அவள் கணவனின் போட்டோ மட்டும்தான் பாக்கி.

"வெறும் எண்ணெய்க்காரங்க தலையெல்லாம் காடா இருக்கு. என் எண்ணெய் தேய்ச்சவங்க தலையில முகம் பார்த்துப் பவுடர் போடலாம்!"

"அவங்க ஆரம்பத்துலயே அப்படித்தானேக்கா?" என்றான் தம்பி.

"என்னது? நீ காசு சுண்டலையா?"

"காசுக்குக் கண்ணா இருக்கு? நான் ஆளைப் பார்த்துக் குடுத்தேன். சுத்த வழுக்கைன்னா, பாவம், உன் எண்ணெய். ஓரளவு முடி இருந்தா வெறும் எண்ணெய்."

"அதுக்குக் கண்ணில்லைன்னுதானேடா சுண்டச் சொன்னேன்!"

கத்தியவள், சட்டென்று அண்டாவைக் கட்டிக்கொண்டு குதித்தாள்.

"அப்போ என் எண்ணெய் தோக்கலை! மறுபடி முதல்லேருந்து! இந்தத் தடவை காசை நானே சுண்டறேன்!"

கணவனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. போட்டோவுக்காகச் சீப்பை எடுத்து, இருந்த நாலு முடியை அழகாகச் சீவிக்கொண்டே சொன்னான்:

"நல்லவேளை, எனக்கு வெறும் எண்ணெய்தான் வந்திருக்கும்."

"உங்களைப் போய் விட்டுடுவேனா மாமா?" என்றான் மைத்துனன் உருகி. "அக்கா எண்ணெயில முதல் பாட்டிலே உங்களுக்குத்தான்!"