தோளில் கிடக்கும் கொடி

பல்லேகல கிரிக்கெட் மைதானத்தின் புல்மேட்டில் பிற்பகல் வெயில் சரிந்து கிடக்கிறது. ரசிகர்களின் பப்பரே வாத்தியம் சட்டென்று ஓய்ந்து தேசிய கீதம் தொடங்குகிறது. எல்லாரும் எழுந்து நிற்கிறார்கள், அரூஸைத் தவிர. மெல்பேர்ணிலிருந்து விடுமுறைக்கு வந்திருப்பவர். அங்கே தன் நாடு ஆடும் ஆட்டங்களுக்கு முகத்தில் சிங்கம் வரைந்துகொண்டு போவார். இதே கீதத்துக்குக் கண் கலங்கி நிற்பார். அங்கே வாங்கிய சிங்கக்கொடிதான் இப்போதும் தோளில் கிடக்கிறது. ஆனால் இன்று வரும் வழியில் தம்பி அஹ்னாபின் கடையைப் பார்த்துவிட்டார். முஸ்லிம் கடைகளைக் குறிவைத்த கலவரத்தில் எரிந்த கடை. புதுச் சுண்ணாம்பையும் மீறிச் சுவரில் கரி தெரிகிறது. தீ வைக்க வந்தவர்கள் இந்தக் கொடியைத்தான் பிடித்து வந்தார்கள் என்று தேநீரை ஆற்றிக்கொண்டே அஹ்னாப் சொன்னான். இப்போது கால்கள் எழ மறுக்கின்றன.

பக்கத்தில் அஹ்னாப் நிமிர்ந்து நிற்கிறான். ஒரு சொல் பிசகாமல், சுற்றியிருப்பவர்களுக்குக் கேட்கும்படி பாடுகிறான். வரிகளுக்கு நடுவே குரலைத் தாழ்த்தி, "எழும்புங்க நானா," என்கிறான்.

"என்னால ஏலாது."

"பின்னுக்கு நிக்கிறது எங்கட டவுன் ஆக்கள். நீங்க பிளேன் ஏறிப் போயிருவீங்க. நான் நாளைக்கும் கடை திறக்கணும்."

தம்பியின் கை அவர் புஜத்தைப் பிடித்துத் தூக்குகிறது. பாடும் குரல் தடுமாறவில்லை. அரூஸ் எழுகையில் கொடி நழுவிப் புல்லில் விழுகிறது. அஹ்னாப் பாட்டை நிறுத்தாமலே குனிந்து எடுக்கிறான். தூசு தட்டி, அண்ணனின் தோளில் மறுபடி விரிக்கிறான், பின்னால் நிற்பவர்களுக்குச் சிங்கம் நன்றாகத் தெரியும்படி.