சொல்லாத பெயர்

வீட்டிலிருப்பவர்களின் பூட்டிய செய்திகளைக் குடும்பத் தலைவர் திறந்து படிக்கலாம் என்று சட்டம் வந்த மறுவாரமே, வெள்ளியங்கிரி சொந்தக்காரர்களைக் காப்பிக்கு அழைத்தார். மனைவி சுகந்தி தன் தோழிக்கு ஏழு வருடமாக எழுதிய அத்தனையையும் கூடத்துச் சுவர்த்திரையில் ஏற்றினார். சுகந்தியின் அண்ணனை முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார்.

"'இந்த மனுசன் தூங்குனாத்தான் எனக்கு மூச்சே வருது.' உங்க தங்கச்சி எழுதுனது மச்சான். நல்லாக் கேட்டுக்கங்க."

அண்ணனுக்கு முகம் சிவந்தது. "உங்களுதையும் காட்டுங்க மாப்ள."

வெள்ளியங்கிரி சிரித்தார். "தலைவருக்குத் தனிப் பூட்டுங்க. கல்யாணத்தன்னைக்கு எல்லாரும் கிண்டல் பண்ணி இவளை எம்பேரைச் சொல்ல வெச்சாங்கல்ல, அந்தக் குரல்தான் சாவி. பதினெட்டு வருசமாச்சு, அப்புறம் இவ வாயில எம்பேரு வந்திருக்குதா? இதைவிடப் பத்திரமான பூட்டு எங்க கெடைக்கும்?"

சுகந்தி காப்பித் தட்டைக் கீழே வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள்.

"வெள்ளியங்கிரி."

திரையில் அவருடைய செய்திகள் வரிவரியாகத் திறந்தன. அவர் தம்பி மனைவியின் கையிலிருந்து டம்ளர் நழுவி விழுந்தது. தம்பி நிமிர்ந்து திரையைப் பார்த்தான்.

வெள்ளியங்கிரி சுவிட்சை நோக்கிப் பாய்ந்தார். மச்சான் குறுக்கே வந்து நின்றுகொண்டார்.

"உக்காரு வெள்ளியங்கிரி," என்றாள் சுகந்தி. "இப்ப நான் படிக்கறேன்."