போன ஜென்மம்

தறியில் நீளவாக்கில் ஓடும் பழைய பாவு நூல் முடிந்துவிட்டது. அதன் நுனிகளோடு புதுப் பாவின் இழைகளை முறுக்கிச் சேர்க்கப் பூவம்மாளை ஆள் அனுப்பி வரவழைத்திருந்தான் ராமலிங்கம்.

"ரெண்டாவதா கட்டினவளும் பிள்ளையில்லாமலே போய்ச் சேர்ந்துட்டா. ஒண்டியா ஆக்கித் துன்னுக்கினு கெடக்கறேன். போன ஜென்மத்துல என்னா பாவம் பண்ணேனோ" என்றான்.

பூவம்மாள் கை வேலையை நிறுத்தவில்லை. "புத்த பிக்கு ஒருத்தர் பேசறதைக் கேட்டேன். விளக்குல இருந்து விளக்கு ஏத்தற மாதிரிதான் மறுபிறவியாம். ஆளு மாறினாலும் செஞ்ச வினை விடாதாம்."

"நீ இங்கயே இருந்துடேன், பூவம்மா."

"மலடின்னு சொல்லி என்னை இந்த வீட்டை விட்டுத் துரத்தினீங்களே, அது போன ஜென்மத்துல இல்லீங்க. பன்னெண்டு வருஷந்தான் ஆவுது."

அவன் தலை குனிந்தான்.

"மீதியை நாளைக்குச் சேர்க்கறேன். பள்ளிக்கூடம் விட்டு என் பொண்ணு வந்துடுவா" என்று எழுந்தாள்.

"பொண்ணா?"

"ரெண்டு பேரு. மூத்தவளுக்குப் பத்து வயசு."