பாதி வட்டு

ஜெர்மனியின் பீலெஃபெல்டில் பஸ் ஓட்டும் உருத்திரமூர்த்திக்கு ஒரே பைத்தியம்தான். நூற்றறுபது வருடங்களுக்கு முந்தைய அமெரிக்க உள்நாட்டுப் போரில் சிப்பாய்கள் கழுத்தில் மாட்டிய அடையாள வட்டுகளைச் சேர்ப்பார். தேய்ந்த எழுத்துகளைப் படிக்க, மேலே தாளை வைத்துப் பென்சிலால் மெல்லத் தேய்ப்பார்.

அன்று காலை தபாலில் வந்த வட்டில் பெயர் எழவில்லை. 14.03.2001 என்று மட்டும் எழுந்தது. மகள் தேனுஜாவின் பிறந்த தேதி அது.

தேனுஜா ஜெர்மன் ராணுவத்தில் இருக்கிறாள். உடனே அழைத்தார்.

"பிள்ளை, உன்ரை வட்டு கழுத்திலை கிடக்கோ?"

"ஓம் அப்பா, முழுசாக் கிடக்கு," என்று சிரித்தாள். "செத்தால்தானே பாதியை உடைச்சு எடுப்பினம். இப்ப ஆத்தைக் கடக்கிற பயிற்சிக்குப் போறம். முடிய போன் எடுக்கிறன்."

மனம் ஆறவில்லை. புதிய தாளை வைத்து மறுபடியும் தேய்த்தார். தேத்தண்ணீரோடு வந்த மனைவி ரஞ்சினி எட்டிப் பார்த்தாள்.

"செத்த சிப்பாயளோடைதான் உங்களுக்குக் குடும்பம். ஏனப்பா, இந்தத் தாளிலை பாதி வட்டுத்தானே விழுந்திருக்கு?"

அவர் தாளை விலக்கினார். வட்டு முழுசாக இருந்தது. மீண்டும் தாளை வைத்துத் தேய்த்தார். பாதிதான் விழுந்தது.

தேனுஜாவை அழைத்தார். போன் அடித்துக்கொண்டே இருந்தது.